இடியன் துவக்கோடு ஒரு விடியற்காலை

பண்டாரவளைப் பக்கம் தாத்தாவின் பழைய வீட்டைப் பிரித்தபோது, பரணில் சாக்கில் சுற்றி வைத்திருந்த நீளமான ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று கிடைத்ததாக ஒரு தம்பி எழுதியிருந்தார். அவருக்கு மூன்று கேள்விகள். இப்படியான துவக்கைக் கொண்டு அந்தக் காலத்தில் முயல் வேட்டைக்கு எப்படிப் போனார்கள்? ‘பனி பெய்தால் அது வெடிக்காது’ என்று அம்மா சொல்வது ஏன்? துருவைத் துடைத்துவிட்டு இப்போது ஒரு காலை போய்வர முடியுமா?

தம்பி, மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதுதான் அவசரம்.

வேண்டாம். போகவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். உங்கள் கையில் இருப்பது வாய்ப்பக்கமாக வெடிமருந்து போட்டு இடித்து நிரப்பும் துவக்கு. வடக்கிலும் கிழக்கிலும் அதை இடியன் என்பார்கள், எங்கள் பக்கத்திலும் அந்தப் பெயர் புழங்கியது. இதில் தோட்டா கிடையாது. தோட்டாத் துவக்கென்றால் பின்பக்கம் திறந்து தோட்டாவை உருவி எடுத்துவிடலாம். இடியனை ஒருமுறை நிரப்பிவிட்டால் சுட்டுத் தீர்ப்பதுதான் லேசான வழி. அதனால் வேட்டை கிடைக்காமல் திரும்பிய நாட்களில் பலர் பொறி தரும் ‘கேப்பு’ என்ற தொப்பியை மட்டும் கழற்றிவிட்டு, உள்ளே மருந்தும் சன்னம் என்ற சின்ன ஈயக் குண்டுகளும் இருக்க அப்படியே மூலையில் சாத்தி வைப்பார்கள். கறுப்பு மருந்து ஈரம் படாமல் இருந்தால் ஐம்பது அறுபது வருஷம் கழித்தும் பற்றும். உங்கள் தாத்தா கடைசியாக அதைச் சுட்டுவிட்டு வைத்தாரா, நிரப்பிவிட்டு வைத்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே அது நிரப்பியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், தட்டாதீர்கள், துளை போடாதீர்கள், குழலின் வாயில் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். பஸ்ஸில் போட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோகவும் கூடாது. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். தாத்தாவின் லைசன் அவரோடு முடிந்துவிட்டது. முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். பிறகு கிராம சேவகர் மூலம் பொலிசுக்கு அறிவித்து, அவர்களே வந்து எடுத்துப்போகும்படி கேளுங்கள்.

சரி, இனி முதல் கேள்வி. இதற்குப் புத்தகத்திலிருந்து பதில் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இல்லை. 1969 மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெரியப்பாவோடு நானே போயிருக்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பெரியப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் வெலிமடைப் பக்கம் கொஞ்சம் காணி வாங்கி, போஞ்சியும் கோவாவும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்களில் பலருக்கு அன்றைக்கு நாடே இல்லை. 1948இல் பறித்த பிரஜாவுரிமை, 1964இல் இலங்கையும் இந்தியாவும் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தம் என்று பேச்செல்லாம் அதைப் பற்றியே இருக்கும். அப்படியான ஆட்களுக்குத் துவக்கு லைசன் என்பது நினைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை. தோட்டத்தில் துரையின் பங்களாவில் துவக்கு இருக்கும், பெரிய கங்காணி வீட்டில் இருந்தாலும் இருக்கும், அவ்வளவுதான். லயத்து ஆட்களின் வேட்டை நாயும் தடியும் கல்லும்தான். பெரியப்பாவுக்குப் பயிர்க்காவலுக்கென்று லைசன் கொடுத்திருந்தார்கள். துவக்கை யாரோ கிராமத்து முதலாளியிடம் பழையதாக வாங்கியிருந்தார்.

முதல் நாள் இரவே வேலை தொடங்கிவிடும். குழலுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு எண்ணெய்ப் பசையை எல்லாம் எடுப்பார். எண்ணெய் உள்ளே தங்கினால் மருந்தைக் கெடுத்துவிடும். பிறகு கேப்பு ஒன்றை மட்டும் வைத்து வெறுங்குழலில் அடிப்பார். கேப்பு என்பது சின்னச் செம்புத் தொப்பி, உள்ளே அடிபட்டால் பொறி கிளப்பும் மருந்து. குழலின் பின்பக்கம் இருக்கும் நிப்பிளில் அதைச் செருகி, குதிரை என்கிற சுத்தியலை இழுத்து வைத்து, விசையை அழுத்தினால் குதிரை வந்து அடிக்கும். பொறி நிப்பிளின் ஊசித் துவாரம் வழியாக உள்ளே பாயும். துவாரம் அடைபட்டிருந்தால் எல்லாம் வீண். பெரியப்பா குழல் வாயை ஒரு காய்ந்த இலைக்கு நேரே பிடித்து அடிப்பார். இலை ஆடினால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இலையை எடுத்து வருவது என் வேலை.

விடிய நாலரைக்கு எழும்பினோம். பெரியம்மா சாயத்தண்ணியும் முதல் நாள் சுட்ட ரொட்டியில் பாதியும் தந்தார். வெளியில் வந்தால் மூச்சு புகையாக வந்தது. மாசியில் ஊவாப் பக்கம் மழை ஓய்ந்திருக்கும், ஆனால் விடியற்காலைப் பனி கடுமையாக இருக்கும். முனியாண்டிக் கல்லடியில் பெரியப்பா ஒரு கற்பூரம் கொளுத்தினார். வேட்டை கிடைக்கட்டும் என்று வேண்டவில்லை. ‘ஆள் அடிபடக் கூடாது, அப்பனே’ என்று மட்டும் சொன்னார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

துவக்கை வீட்டில் நிரப்பவே மாட்டார். காணியின் கடைசி வரப்புக்குப் போன பிறகுதான். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு, அதை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குண்டாவை, அதாவது துவக்கின் மரப் பின்முனையை, தரையில் ஊன்றி, குழல் வாயை முகத்துக்கு வெளியே சாய்த்துப் பிடிப்பார். மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்ட மாட்டார். மூங்கில் கணுவில் செதுக்கிய சின்ன அளவையில் எடுத்து, கொம்பை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அந்த அளவையைத்தான் குழலில் கவிழ்ப்பார். உள்ளே எங்காவது பழைய நெருப்பு கனிந்துகொண்டிருந்தாலும் ஓர் அளவு மருந்துதான் பற்றும், கையிலிருக்கும் கொம்பு வெடிக்காது. அடுத்து தென்னந்தும்பு உருண்டை, இடிகோலால் நாலு இடி. அடுத்து அதே அளவையால் ஈயச் சன்னம், அதன் மேல் தாள் அடைப்பு, மெதுவாக ஒரு இடி. கேப்பு இன்னும் சட்டைப் பையில்தான். இடிகோலில் சுரண்டிய இரண்டு கீறல் இருந்தது. குழல் வெறுமையாக இருந்தால் இந்தக் கீறல் வாய்க்கு வரும், நிரப்பியிருந்தால் அந்தக் கீறல். இருட்டிலும் பதற்றத்திலும் நிரப்பியதை மறந்து மறுபடி நிரப்பியவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் குழல் கிழிந்துவிடும், கையும் போய்விடும். விரலால் தடவி அறிகிற மாதிரிக் கீறல் போட்டது அதற்காகத்தான்.

காணிக்கும் தோட்டத்து மலைக்கும் நடுவில் மானாப்புல் காடு, அதற்கு மேலே பத்தனைப் புல்வெளி. எங்கள் முயல் பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள இனம். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, வெளிச்சம் வரும் நேரத்தில் படுக்கைக்குத் திரும்பும். வளை தோண்டாது. புல்லுக்குள் உடம்பளவு அமுக்கிய குழிதான் அதன் வீடு. அதில் காதை முதுகோடு மடித்துப் படுத்துவிட்டால் மூன்றடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. பின்னங்கால் நீளம் என்பதால் மேட்டில் ஏறி ஓடுவதில் அதை எந்த நாயும் மிஞ்சாது, பள்ளத்தில் இறங்கும்போதுதான் கொஞ்சம் தடுமாறும். அதனால் பெரியப்பா போஞ்சிப் பாத்தியின் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் உட்கார்ந்துகொண்டார், காற்று முகத்தில் படும்படி. மேய்ந்த முயல் அந்தப் பக்கமாகத்தான் மேட்டுக்குத் திரும்ப வேண்டும்.

உட்கார்ந்தோம். அந்தக் காலையில் பெரும்பாலான நேரம் செய்தது அதுதான். முதலில் இருட்டு, பிறகு சாம்பல் நிறம், பிறகு கீழே பள்ளத்தில் மேகம் பால் மாதிரித் தேங்கி நிற்பது தெரிந்தது. எங்கோ காட்டுக்கோழிச் சேவல் கூவியது. துவக்கு என் தோலில் பட்ட இடமெல்லாம் ஐஸ். நான் இரண்டு தடவை அசைந்தேன், இரண்டு தடவையும் பெரியப்பா என் முழங்காலில் கையை வைத்தார். கேப்பை அவர் உள்ளங்கைக்குள் பொத்திச் சூடாகவே வைத்திருந்தார், ஈரம் ஏறாமல்.

முதல் முயல் வந்தது. பாத்தி வரப்பில் எழும்பி உட்கார்ந்து, முன்னங்காலால் முகத்தைத் துடைத்தது. பெரியப்பா கேப்பை வைத்துக் குதிரையை இழுத்தார். சத்தம் வராமலிருக்க விசையை லேசாகப் பிடித்துக்கொண்டு இழுப்பார். ஆனால் சுடவில்லை. முயலுக்குப் பின்னால், தூரத்தில், தோட்டத்து ரோட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பால் கொண்டுபோகிறவர்கள் வரும் நேரம். குதிரையை மெல்ல இறக்கிவிட்டார். முயல் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது முயல் வர முக்கால் மணி நேரமானது. இதற்குப் பின்னால் மண் திட்டு. இருபது யார் இருக்கும். இடியனில் இருபத்தைந்து, முப்பது யாருக்கு மேல் சுடக் கூடாது என்பது பெரியப்பாவின் சட்டம். தூரம் கூடினால் சன்னம் சிதறி இரண்டொன்றுதான் படும், விலங்கு காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். விசையை அழுத்தினார். கேப்பு ‘டக்’ என்றது. வேறெதுவும் இல்லை.

நான் எழும்பப் போனேன். பெரியப்பா ஒரு கையால் என்னை அமுக்கிக்கொண்டு, துவக்கை மண் திட்டுப் பக்கமே பிடித்தபடி அசையாமல் இருந்தார். முயல் எப்போதோ போய்விட்டது. அவர் வாய்க்குள் எண்ணுவது கேட்டது. ஏழோ எட்டோ சொல்லும்போது துவக்கு தானாக வெடித்தது. கேப்புப் பொறி ஈரமான மருந்தில் புகைந்து, மெதுவாகப் பிடித்துப் பிறகு பற்றியிருக்கிறது. ‘வெடிக்கவில்லையே’ என்று யாராவது குழலைத் திருப்பிப் பார்த்திருந்தால் அவ்வளவுதான். வெடிக்காத இடியனை வாயைத் திருப்பாமல் நிறைய நேரம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். பெரியப்பா நூறு வரை எண்ணுவார். காலையில் கல்லடியில் அவர் கேட்டது என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உங்கள் அம்மா சொல்வதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. கறுப்பு மருந்து எரிந்தால் எல்லாம் புகையாகப் போய்விடாது. பாதிக்கும் மேல் கரியும் உப்புமாகத் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் களியாகிவிடும். மலைநாட்டில் பனிக்கும் மூடுபனிக்கும் பஞ்சமே இல்லை, ஒருமுறை சுட்டதுமே குழலும் ஊசித் துவாரமும் பிசுபிசுக்கத் தொடங்கும். அதன் மேலேயே அடுத்த மருந்தைப் போட்டால் அது நனையும். கேப்பும் ஈரத்தை விரும்பாது. இன்னொரு தொல்லை, வெள்ளைப் புகை. காற்றில்லாத ஈரக் காலையில் அது முன்னாலேயே திரையாக நிற்கும், அடிபட்டதா ஓடியதா என்று தெரியக் குனிந்து புகைக்குக் கீழாகப் பார்க்க வேண்டும்.

பெரியப்பா கம்பியில் துணி சுற்றிக் குழலைத் துடைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி நிரப்பினார். ஏழரை மணிக்கு, வெயில் புல் நுனியைத் தொட்ட நேரத்தில், ஒரு முயல் கிடைத்தது. ஒன்றே ஒன்று. அந்தக் காலைக்கு அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் முயலுக்கு முன்னால் துவக்கைத்தான் பார்த்தார். கொதிதண்ணீரைக் குழலுக்குள் ஊற்றினால் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும், தெளிந்து வரும்வரை ஊற்ற வேண்டும். சூடான இரும்பு தானே காய்ந்துவிடும், பிறகு தேங்காய் எண்ணெய் தடவுவார். அன்றைக்கே கழுவாவிட்டால் அடுத்த நாள் துருவின் கை தெரியும். முயலில் பாதி, துவக்கை விற்ற அந்த முதலாளி வீட்டுக்குப் போனது. மீதியைப் பெரியம்மா மிளகும் கறுவாவும் போட்டு வறட்டினார். கறி சாப்பிடும்போது பல்லில் சன்னம் கடிபடும், தட்டோரத்தில் துப்பி எண்ணுவோம்.

ஏன் ஓர் இடியனுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், வேட்டை என்றதும் நம் ஆட்கள் வெள்ளைக்காரர் கதைகளைத்தான் சொல்கிறார்கள். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகிறார். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அவர் காலத்தில் அநேகமாக எல்லாத் துவக்குமே வாய் வழியாக நிரப்புவதுதான். ஆனால் அந்தத் துரைமாருக்குப் பின்னால் நிரப்பிய துவக்குகளை ஏந்திக்கொண்டு ஆட்கள் நடந்தார்கள். ஒன்றைச் சுட்டுக் கொடுத்தால் அடுத்தது கைக்கு வரும். ஒரு வெடிதான் உண்டு என்ற கணக்கு அவர்களுக்கு இல்லை. 1860களுக்குப் பிறகு அவர்கள் தோட்டாத் துவக்குக்கு மாறிவிட்டார்கள், இடியன் ஏழைகள் கையில் தங்கிவிட்டது. ஒரு வெடியை எங்கே, எதன் மேல், எதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துச் செலவழித்தவர்கள் அவர்கள்தான்.

அதே குழலைத்தான் இன்றைக்குக் கட்டுத்துவக்காகக் கட்டுகிறார்கள். விலங்கு நடக்கும் பாதையில் குழலை மரத்தில் கட்டி, குறுக்கே நூலை இழுத்துவிட்டு, ஆள் வீட்டில் போய்ப் படுத்துவிடுகிறான். வருவது பன்றியா, விறகுக்குப் போன பெண்ணா என்று நூலுக்குத் தெரியாது. அது குற்றம் என்று தெரிந்தும் செய்கிறார்கள். கம்பிச் சுருக்கும் அப்படியே. 2020 மே மாதம் மஸ்கெலியாப் பக்கம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது. எடுத்துப்போய் உடவளவையில் சிகிச்சை கொடுத்தும் சில நாளில் இறந்துபோனது. அந்த நிறத்துச் சிறுத்தை இலங்கையில் எவ்வளவு அரிது என்று மலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கம்பியைக் கட்டியவன் குறி வைத்தது பன்றியாகத்தான் இருக்கும். பார்க்காமல் கொல்வதை வேட்டை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்றைக்குப் போகலாமா என்று வேறு யாராவது கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். விலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. அப்போது உரிமம் எடுத்து வேட்டையாட இடமிருந்தது. பிறகு வந்த திருத்தங்கள் அதை மிகவும் இறுக்கிவிட்டன. 2009இலும் ஒரு பெரிய திருத்தம் வந்தது. காட்டுக்கோழி நமது தேசியப் பறவை, அதைத் தொடக் கூடாது. முயலும் நான் கண்ட மாதிரி இப்போது இல்லை. புல்வெளியெல்லாம் டர்பன்டைன் மரக்காடாகவும் மரக்கறித் தோட்டமாகவும் போய்விட்டது. பெரியப்பாவே 1980களின் கடைசியில், கிளர்ச்சிக்காரர் வீடு வீடாகப் போய்த் துவக்குப் பறித்த நாட்களில், தன்னுடையதைப் பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். திருப்பிக் கேட்கவே இல்லை.

இன்னொன்று, தம்பி. துவக்கைத் தொடாமல், அது கிடக்கிற இடத்திலேயே வைத்து, குதிரையும் அதை இயக்கும் பூட்டும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். ஐரோப்பாவில் செய்த ஒற்றைக் குழல் துவக்குகளில் பூட்டு வலப்பக்கம் இருக்கும். கண்டி அரசு காலத்துக் கொல்லர்கள் செய்தவற்றில் இடப்பக்கம் இருக்கும், குண்டாவின் முனை சுருண்டிருக்கும். அந்தக் கொல்லர்களுக்கு மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு மலையிலிருந்தே கிடைத்தது. நக்கிள்ஸ் மலையில் மீமுரே பக்கத்து வௌவால் குகையிலிருந்து அதை எடுத்ததை 1817இல் இங்கே இருந்த மருத்துவர் ஜோன் டேவி நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தக் குகைக்கு இன்றைக்கும் நைட்டர் கேவ், அதாவது வெடியுப்புக் குகை, என்றுதான் பெயர். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையடித்த லெவ்கே பீரங்கி 2023 டிசம்பரில் திரும்பி வந்து, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கைவேலையைப் பார்த்தால் கண்டிக் கொல்லன் யார் என்று தெரியும். உங்கள் பரணில் கிடப்பதன் பூட்டு இடப்பக்கம் இருந்தால், பொலிசுக்கு அறிவிக்கும்போதே தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள், பழைய இரும்பென்று உருக்கிவிடாமல் இருக்க. வலப்பக்கம் இருந்தால் அது பெரியப்பாவுடையதைப் போல ஒன்றாக இருக்கும். எந்தப் பக்கம் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.